வன்தட்டின் வேகமும் இரைச்சலும்: இரண்டையும் சமன் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சுழலும் பாகங்களே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் பரவலாகிவிட்ட பிறகும், பல ஆண்டுப் புகைப்படங்களையும் காணொளிகளையும் காப்புநகல்களையும் சேர்த்து வைத்திருப்பவர்களின் கணினியில் சுழலும் வன்தட்டு ஒன்றாவது இருக்கத்தான் செய்கிறது. பகலில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மின்விசிறியும் தெருவும் அடங்கிய பிறகுதான் அதன் ரீங்காரமும் கரகரப்பும் காதில் விழத் தொடங்குகின்றன. அப்போது பலர் முதலில் தேடுவது வன்தட்டை மெதுவாக்கும் அமைப்பை. அது வரிசையில் பின்னால் வரவேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. சுழலும் தட்டின் மேல் நகர்ந்து தரவைப் படித்து எழுதும் படிப்பு-எழுது முனை நகரும் தடவைகளையும் தூரத்தையும் குறைத்தால் வேகம் கூடும், சத்தமும் குறையும். முனை நகரும் விரைவைக் குறைக்கும்போதுதான் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறவேண்டியிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி, எதையும் இழக்கத் தேவையில்லாத வேலைகளில் தொடங்கி, வேகத்தை விட்டுக்கொடுக்கும் வேலைகளைக் கடைசியில் வைக்கிறது. இந்த வரிசையை மாற்றாமல் செய்தால், பாதி வழியிலேயே போதுமான அமைதி கிடைத்துவிட வாய்ப்பு உண்டு.

முதல் படி: எந்தச் சத்தம் என்று பிரித்தறிதல்

வன்தட்டின் சத்தம் ஒரே சத்தம் அன்று. தட்டுகளைச் சுழற்றும் மோட்டாரின் தொடர்ச்சியான ரீங்காரம் ஒன்று. நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது நொடிக்கு 120 சுற்று, எனவே அதன் அடிப்படை அதிர்வு 120 ஹெர்ட்சில் இருக்கும்; 5400 சுற்று வன்தட்டில் அது 90 ஹெர்ட்ஸ். பால் பேரிங் பொருத்திய பழைய வன்தட்டுகள் வயதாக ஆகக் கீச்சிடத் தொடங்கும். 2001-இல் வந்த சீகேட் பாரகுடா ஏ.டி.ஏ. 4 போன்ற மாதிரிகள், எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் திரவ பேரிங்குக்கு மாறியதிலிருந்து அந்தக் கீச்சொலி பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தட்டில் தரவு எழுதப்படும் வட்டங்களைத் தடம் என்பர். முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவும்போது எழும் ‘டக் டக்’ ஒலி மற்றொன்று. நூற்றுக்கணக்கான தாவல்கள் நெருங்கி வரும்போது அது கரகரப்பாகக் கேட்கிறது. வேலையில்லாத நேரத்தில் முனை தட்டைவிட்டு விலகி ஓரத்திலுள்ள சரிவில் ஏறி ஒதுங்கும்போது கேட்கும் ஒற்றை ‘டிக்’ மூன்றாவது. நான்காவது வன்தட்டினுடையதே அன்று: அதிர்வு திருகாணிகள் வழியாகக் கேபினெட்டின் தகட்டுக்கும், அங்கிருந்து மேசைப் பலகைக்கும் போய், அந்தப் பெரிய பரப்புகள் அதைப் பெருக்கி ஒலிப்பது. நாம் வன்தட்டின் இரைச்சல் என்று நினைப்பதில் பெரும் பங்கு பல நேரங்களில் இதுதான்.

இவற்றோடு சேர்க்கக் கூடாத ஒலி ஒன்றும் உண்டு. ஒரே சீரான இடைவெளியில் ‘க்ளிக், க்ளிக்’ என்று கேட்டு, இடையிடையே மோட்டார் நின்று மீண்டும் சுழலத் தொடங்கினாலோ, கோப்புகளைத் திறக்கையில் கணினி நீண்ட நேரம் உறைந்து நின்றாலோ, இரைச்சலைக் குறைக்கும் எந்த முயற்சியும் வேண்டாம். உடனே தரவை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அதன்பின், வன்தட்டு தன் உடல்நலத்தைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 5, 197, 198 ஆகிய எண்களுக்குரிய வரிகளைப் பாருங்கள். பழுதுபட்டு மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகள், சரிசெய்ய முடியாத பகுதிகள் ஆகியவற்றின் கணக்கை அவை சொல்கின்றன. அந்த எண்கள் ஏறிக்கொண்டே போகும் வன்தட்டை அமைதியாக்க முயல்வது வீண்.

நலமான வன்தட்டுதான் என்று தெரிந்தபின் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். கணினியை முழுவதும் அணைத்து, வன்தட்டின் திருகாணிகளைக் கழற்றி, கேபிள்களைக் கழற்றாமலேயே அதைக் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து, தடித்த ஸ்பாஞ்சுத் துண்டின் மேல் தட்டையாக வையுங்கள். சர்க்யூட் பலகை எந்த உலோகத்தையும் தொடக் கூடாது. பிறகு கணினியை இயக்கிக் கேளுங்கள். சுழலும் நேரத்தில் வன்தட்டை அசைக்க வேண்டாம். சத்தம் பெருமளவு அடங்கிவிட்டால் குறை பொருத்தியிருக்கும் முறையில் இருக்கிறது. ரீங்காரம் அடங்கி, ‘டக் டக்’ மட்டும் அப்படியே இருந்தால் முனையின் வேலையைக் கவனிக்க வேண்டும். எதுவும் மாறவில்லையென்றால், சத்தம் போடுவது வன்தட்டுதானா, மின்விசிறியா, பவர் சப்ளையா என்பதை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வன்தட்டுக்குப் போகும் மின்கேபிளைக் கணினி அணைந்திருக்கும்போது கழற்றிவிட்டு இயக்கினால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: தொடங்கும் முன் அளந்து குறித்தல்

அளக்காமல் எதையும் மாற்றினால், மாற்றம் காதுக்குப் பிடித்திருக்கிறதா, மனத்துக்குப் பிடித்திருக்கிறதா என்று பிரிக்க முடியாது. வேகத்துக்கு இரண்டு அளவுகள் போதும்: பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம், அங்கொன்றும் இங்கொன்றுமாக 4 கிலோபைட் துண்டுகளைப் படிக்கும் வேகம். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் இரண்டையும் காட்டும். லினக்ஸில் முதலாவதுக்கு எச்டிபார்ம் கருவியின் சிறிய ‘டி’ தேர்வும், இரண்டாவதுக்கு எஃப்.ஐ.ஓ. கருவியும் உதவும். சிதறிய வாசிப்பை வரிசை ஆழம் 1 என்று வைத்து, அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை மட்டும் அனுப்பி, அளப்பது முக்கியம். அப்போதுதான் முனையின் உண்மையான நடமாட்டம் எண்ணில் தெரியும்.

அந்த எண் முதன்முறை பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். 7200 சுற்று வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை தடத்தைத் தேடிப் போகச் சராசரியாக 8.5 மில்லிநொடி என்று கொண்டால், ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 12.7 மில்லிநொடி. நொடிக்கு 79 வாசிப்புகள்தான் முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 0.3 மெகாபைட்டுக்குச் சற்றே கூடுதல். அதே வன்தட்டு பெரிய காணொளிக் கோப்பை நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் எளிதாகப் படிக்கும். முனை நகர்வதுதான் நேரத்தையும் தின்கிறது, சத்தத்தையும் எழுப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சத்தத்துக்கு, கைப்பேசியின் ஒலியளவுச் செயலி போதும். அது தரும் டெசிபல் எண் துல்லியமாக இராது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே தொலைவில், ஒரே இரவு நேரத்தில் அளந்தால் முன்னுக்கும் பின்னுக்குமான வேறுபாட்டை நம்பலாம். அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலி கிடைத்தால் இன்னும் நல்லது. 90 ஹெர்ட்சிலோ 120 ஹெர்ட்சிலோ தனியாக எழுந்து நிற்கும் முகடு, சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடும். 2020-இல் பயனர்கள் சிலர் இப்படித்தான், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘5400 வகுப்பு’ என்று குறிக்கப்பட்ட சில பெரிய வன்தட்டுகள் 120 ஹெர்ட்சில் ஒலிப்பதை, அதாவது 7200 சுற்றில் ஓடுவதைக் கண்டறிந்தனர். ‘வகுப்பு’ என்பது செயல்திறன் வகையைக் குறிப்பது என்று நிறுவனம் விளக்கியது.

தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் ஒலித்திறன் பெல் அலகில் தரப்பட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 1 பெல் என்பது 10 டெசிபல். 2.5 பெல் என்றும் 2.8 பெல் என்றும் இரண்டு வன்தட்டுகள் இருந்தால், இரண்டாவது வெளிவிடும் ஒலித்திறன் முதலாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. காது அதை இரு மடங்காக உணர்வதில்லை. அப்படி உணர 10 டெசிபல் வேறுபாடு வேண்டும். ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: சராசரி எண் ஒன்றாகவே இருந்தாலும், சீரான ரீங்காரத்தைக் காது சில நிமிடங்களில் மறந்துவிடும், விட்டுவிட்டு வரும் ‘டக்’ ஒலியை மறக்காது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: அதிர்வைக் கேபினெட்டுக்குக் கடத்தாமல் பொருத்துதல்

வேகத்தில் கடுகளவும் இழக்காமல் கிடைக்கும் அமைதி இங்கேதான் மிகுதி. திருகாணி உலோகத்தையும் உலோகத்தையும் நேரடியாக இணைக்கும் இடங்களில் எல்லாம் ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். வாஷர் நசுங்கித் தட்டையாகும்வரை முறுக்கினால் அது இருந்தும் பயனில்லை; வன்தட்டை விரலால் தள்ளினால் மயிரிழை அசையும் அளவுக்கு முறுக்கினால் போதும். வாஷருக்கு இடமில்லாத பழைய கேபினெட்டுகளில், முன்பு டிவிடி டிரைவ் இருந்த அகலமான 5.25 அங்குல இடத்தில், தடித்த எலாஸ்டிக் பட்டைகளைக் கட்டி அதில் வன்தட்டைத் தொங்கவிடுவது நெடுநாளாக வழக்கத்தில் உள்ள நல்ல முறை. பட்டை நாளடைவில் தளரும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வன்தட்டைத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ முழுவதும் பொதியக் கூடாது. அதன் வெப்பம் உடல் வழியாகவே வெளியேறுகிறது. விவரத்தாளில் பெரும்பாலும் 60 பாகை செல்சியஸ் வரை அனுமதி இருந்தாலும், நீடித்த பயன்பாட்டில் 45 பாகைக்குள் வைத்துக்கொள்வது என் பரிந்துரை. காற்று நிரம்பிய வன்தட்டின் மேல்மூடியில், மூடக் கூடாது என்ற குறிப்போடு சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமனாவது அதன் வழியாகத்தான், அதை ஒட்டி அடைக்கக் கூடாது. மூன்றாவதாக, அதிர்வு இரு வழிப்பாதை. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், இயங்கிக்கொண்டிருந்த வன்தட்டு அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தியபோது, அவற்றின் பதில் தரும் நேரம் சட்டென ஏறியதை அளவுக்கருவியில் காட்டினார். முனை தடத்தின் மேல் நிலைத்து நிற்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதே அதற்குக் காரணம். ஆகவே வன்தட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று அதிர்வு கடத்தாதபடி பொருத்துவது வேகத்துக்கும் நல்லதே.

இரண்டு 7200 சுற்று வன்தட்டுகளை ஒரே கூண்டில் அடுத்தடுத்துத் திருகியவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரிந்திருக்கும்: சத்தம் சீராக இல்லாமல் ‘உம்ம்… உம்ம்’ என்று ஏறி ஏறி இறங்கும். இரண்டு மோட்டார்களும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று 120 ஹெர்ட்சிலும் மற்றது 119.5 ஹெர்ட்சிலும் இருந்தால், இரண்டு நொடிக்கு ஒருமுறை அலைகள் சேர்ந்து உரத்து ஒலிக்கும். எந்த மென்பொருளாலும் இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு வன்தட்டையும் தனித்தனி ரப்பரில் பொருத்துவது, முடிந்தால் ஒன்றை வேறு கூண்டுக்கு மாற்றுவது ஆகியவைதான் வழி. கேபினெட்டை மேசையிலிருந்து இறக்கி, ரப்பர் பாதங்களோடு தரையில் வைத்தாலும் நல்ல பலன் தெரியும்.

நான்காம் படி: முனையின் வேலையைக் குறைத்தல்

இந்தப் படிதான் வழிகாட்டியின் மையம். இயங்குதளமும் அன்றாட மென்பொருள்களும் வன்தட்டில் இருந்தால், அவற்றை ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.-க்கு மாற்றுங்கள், 250 ஜிபி அளவே போதும். பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள், ராம் போதாதபோது இயங்குதளம் பயன்படுத்தும் பேஜ் ஃபைல், பதிவேடுகள், மின்னஞ்சல் சேமிப்பு ஆகிய சிறுசிறு வாசிப்புகளும் எழுத்துகளும்தான் முனையை ஓயாமல் அலைக்கழிக்கின்றன. இவை வெளியேறிய பிறகு வன்தட்டில் மிஞ்சுவது பெரிய கோப்புகளின் தொடர்ச்சியான வாசிப்பு. அதில் முனை ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு மட்டுமே நகரும். அந்த ஒலி கேபினெட்டைத் தாண்டி வருவதே அரிது.

எஸ்.எஸ்.டி.-க்கு வழியில்லையென்றால் ராம் நினைவகத்தைக் கூட்டுவது அடுத்த வழி. ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் ராமில் வைத்துக்கொள்வதால் இரண்டாம் முறை முனை நகரத் தேவையில்லை.

வேலை எதுவும் செய்யாதபோதும் வன்தட்டு கரகரக்கிறது என்றால், அதை இயக்குவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்தால் எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்பது உடனே தெரியும். லினக்ஸில் ஐயோடாப் கருவி அதே வேலையைச் செய்யும். தேடலுக்கான அட்டவணை தயாரிப்பும், வைரஸ் தடுப்பு மென்பொருளின் முழுச் சோதனையும், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலையும் வழக்கமான காரணங்கள். இவற்றை நிறுத்த வேண்டியதில்லை, நீங்கள் அறையில் இல்லாத நேரத்துக்கு மாற்றினால் போதும். டிஃப்ராக் செய்யும்போது சத்தம் மிகும் என்றாலும், சிதறிய கோப்புகள் ஒன்றுசேர்ந்த பிறகு முனையின் தாவல்கள் குறைவதால் அதை வன்தட்டில் தவிர்க்கக் கூடாது.

லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு நுணுக்கம். ஐந்து நொடிக்கு ஒருமுறை தவறாமல் ‘டக்’ என்று கேட்டால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ஜர்னலை இயல்பாக ஐந்து நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதுகிறது. ஏதேனும் ஒரு நிரல் சிறு மாற்றங்களைச் செய்துகொண்டே இருந்தால் முனை அதற்காக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயு நிரப்பிய, பெரிய கொள்ளளவுள்ள வன்தட்டுகள் சிலவும், முனை ஒரே இடத்தில் நீடித்து நின்று தேய்மானம் உண்டாவதைத் தடுக்க, ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை தாமாகவே முனையை நகர்த்துகின்றன. பிரித்தறிய அந்தப் பார்ட்டிஷனை (வன்தட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதியை) அன்மவுண்ட் செய்து, அதாவது இயங்குதளத்தின் பயன்பாட்டிலிருந்து விலக்கி, கேளுங்கள். ஒலி நின்றுவிட்டால் அது ஜர்னல். ஜர்னலை எழுதும் இடைவெளியான கமிட் இடைவெளியை 30 அல்லது 60 நொடியாக உயர்த்தலாம். திடீரென மின்சாரம் போனால் அத்தனை நொடி வேலையும் போகக்கூடும் என்பதால், யு.பி.எஸ். இல்லாத கணினியில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அன்மவுண்ட் செய்த பிறகும் ஒலி தொடர்ந்தால் அது வன்தட்டின் இயல்பு, பழுது அன்று. பொருத்தும் முறையால் மட்டுமே அதைத் தணிக்க இயலும்.

இன்னொரு நல்ல உத்தி, தூரத்தைக் குறைப்பது. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அடங்கும் தரவு உள்விளிம்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் அங்கே வாசிப்பு வேகமும் அதே அளவு கூடுதல். வன்தட்டின் தொடக்கப் பகுதி வெளி விளிம்பில்தான் அமைகிறது. அடிக்கடி தொடும் கோப்புகளுக்கென்று தொடக்கத்தில் ஒரு பார்ட்டிஷனை ஒதுக்கி, காப்புநகல்களை அதற்குப் பின்னுள்ள பார்ட்டிஷனில் வைத்தால், முனை குறுகிய வட்டத்துக்குள்ளேயே நடமாடும். தாவல் சிறிதானால் நேரமும் குறையும், தட்டொலியும் மெலியும்.

ஐந்தாம் படி: முனையின் வேகத்தைக் குறைக்கும் ஏ.ஏ.எம். அமைப்பு

இனி வருவது கொடுத்து வாங்கும் கணக்கு. முனையைத் தாங்கிய கை, வலுவான காந்தங்களுக்கிடையே உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்வதால் நகர்கிறது. முதல் பாதித் தூரத்துக்கு முழு விசையோடு முடுக்கி, மறுபாதியில் அதே விசையோடு தடை போட்டு நிறுத்துவது மிக விரைவான வழி. அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கிடையே விரட்டிப் பிடித்து பிரேக் போடும் டவுன் பஸ்ஸைப் போல, விசை திடீரெனத் திசைமாறும் ஒவ்வொரு முறையும் முழு உடலும் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலே ‘டக்’ ஒலி. மின்சாரத்தைச் சட்டென மாற்றாமல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினால் ஒலி அடங்கும், ஆனால் பயணம் நீளும்.

எவ்வளவு நீளும்? தூரம் மாறாமல் முடுக்கத்தைப் பாதியாக்கினால் நேரம் 1.41 மடங்காகும். மேலே சொன்ன 8.5 மில்லிநொடியில் 1.5 மில்லிநொடி முனை தடத்தில் நிலைகொள்ளும் நேரம் என்று கொள்வோம். மீதி 7 மில்லிநொடி 9.9 ஆகும். நிலைகொள்ளும் நேரமும் சுழற்சிக்கான 4.17 மில்லிநொடியும் மாறுவதில்லை. மொத்தம் 12.7-இலிருந்து ஏறத்தாழ 15.6 மில்லிநொடியாக, அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உயரும். நொடிக்கு 79 வாசிப்புகள் 64 ஆகக் குறையும். தொடர்ச்சியான வாசிப்பின் வேகமோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆகவே காணொளிகளும் காப்புநகல்களும் மட்டும் உள்ள வன்தட்டில் இந்த அமைப்பால் இழப்பதற்கு அநேகமாக ஒன்றுமில்லை; இயங்குதளம் உள்ள வன்தட்டில் கணினி தொடங்கும்போதும் மென்பொருளைத் திறக்கும்போதும் தாமதம் நன்றாகவே தெரியும்.

கணினியும் வன்தட்டும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் ஏ.டி.ஏ. தரநிலையின் 2002-இல் வெளியான 6-ஆம் பதிப்பில், ஏ.ஏ.எம். எனப்படும் இந்தத் தானியங்கி ஒலி மேலாண்மை வசதி இடம்பெற்றது. மதிப்பு 128 என்றால் மிக அமைதி, 254 என்றால் மிக வேகம். இடைப்பட்ட எண்களைக் கொடுக்கலாம் என்றாலும் பல வன்தட்டுகள் உள்ளுக்குள் இரண்டு மூன்று நிலைகளையே வைத்திருந்தன. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளின் மேம்பட்ட அமைப்புகளில் இதற்கான நகர்த்தியைக் காணலாம். லினக்ஸில் எச்டிபார்ம் கருவியின் பெரிய ‘எம்’ தேர்வை மதிப்பு எதுவும் தராமல் இயக்கினால் நடப்பு நிலையைச் சொல்லும். 128 என்று சேர்த்துத் தந்தால் அமைதி நிலைக்கு மாற்றும். அதே கருவியில் தரவை அழிக்கக்கூடிய தேர்வுகளும் இருப்பதால், வன்தட்டின் பெயரையும் எழுத்தையும் இருமுறை சரிபார்த்த பிறகே என்டர் விசையைத் தட்டுங்கள்.

மாற்றியபின் இரண்டாம் படியில் குறித்த அளவுகளை மீண்டும் எடுங்கள். சிதறிய வாசிப்பின் எண் மாறவேயில்லை என்றால் அமைப்பு ஏற்கப்படவில்லை. யு.எஸ்.பி. பெட்டிகளும், பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு கார்டுகளும் பல நேரங்களில் இந்தக் கட்டளையை வன்தட்டுவரை போகவிடுவதில்லை. அப்போது நேரடியாக மதர்போர்டின் சாட்டா இணைப்பில் பொருத்தி மாற்ற வேண்டும். சில வன்தட்டுகள் அணைத்துப் போட்டாலும் மதிப்பை நினைவில் வைத்திருக்கும், சில மறந்துவிடும். மறப்பவற்றுக்கு எச்டிபார்மின் கட்டமைப்புக் கோப்பில் எழுதிவைப்பது நலம்.

எல்லா வன்தட்டுகளிலும் இது கிடைக்காது. முனையை அதிர்வின்றி நகர்த்தும் நுட்பத்துக்கான காப்புரிமை தொடர்பாக, கன்வால்வ் நிறுவனமும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் 2000-இல் சீகேட் மீதும் காம்பாக் மீதும் வழக்குத் தொடுத்தன. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. சீகேட்டின் பல மாதிரிகளில் பயனர் மாற்றக்கூடிய ஒலி அமைப்பு இருக்கவில்லை. பிற்காலத்தில் மற்ற தயாரிப்பாளர்களும் இவ்வசதியைக் கைவிட, தரநிலையிலிருந்தும் அது நீக்கப்பட்டது. உங்கள் வன்தட்டு புதியதென்றால், ‘ஆதரவு இல்லை’ என்ற பதிலையே பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டும். அப்படியானால் நான்காம் படிக்குத் திரும்பி அதை இன்னும் முழுமையாகச் செய்வதே வழி.

ஆறாம் படி: முனை ஒதுங்குவதும் சுழற்சி நிற்பதும்

ஏ.பி.எம். என்னும் மின்சிக்கன அமைப்பு ஏ.ஏ.எம்.-இலிருந்து வேறானது, பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். இதன் மதிப்பு 1 முதல் 254 வரை. 127 வரையான மதிப்புகள் சுழற்சியை நிறுத்த வன்தட்டுக்கு அனுமதி தருகின்றன, 128-இலிருந்து மேலே அனுமதி இல்லை. எச்டிபார்மில் பெரிய ‘பி’ தேர்வு இதற்குரியது. 255 என்று தந்தால் அமைப்பே நீங்கும்.

குறைந்த மதிப்பு வைத்தால் வன்தட்டு அமைதியாகும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது பல நேரங்களில் தலைகீழ்: சில நொடிகள் வேலையில்லாவிட்டால் முனை ஒதுங்கும், அடுத்த கோரிக்கை வந்ததும் திரும்ப இறங்கும், ஒவ்வொரு முறையும் ‘டிக்’ ஒலியும் சிறு தாமதமும் உண்டாகும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வரிசையில் எட்டே நொடியில் முனை ஒதுங்கும்படி அமைத்திருந்தது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இதில் ஆயுள் கணக்கும் இருக்கிறது. முனை ஒதுங்கும் தடவைகளுக்கு 3,00,000 என்றோ 6,00,000 என்றோ விவரத்தாளில் வரம்பு தரப்பட்டிருக்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்கினால் ஒரு நாளுக்கு 2880 தடவை. மூன்று லட்சம் என்னும் வரம்பு 104 நாளில் தீர்ந்துவிடும். ஸ்மார்ட் விவரங்களில் 193-ஆம் வரியை இன்றும் நாளையும் பாருங்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஏறினால் ஏ.பி.எம். மதிப்பை 254-க்கு உயர்த்துங்கள். சத்தமும் குறையும், தாமதமும் போகும்.

சுழற்சியை முழுவதும் நிறுத்துவது, எப்போதாவது மட்டும் தொடும் காப்புநகல் வன்தட்டுக்கு ஏற்றது. 20 அல்லது 30 நிமிடம் வேலையில்லாவிட்டால் நிற்கும்படி வையுங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்தால் நாள் முழுவதும் நின்று நின்று கிளம்பிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருக்க நேரும், மோட்டாருக்கும் அது சுமை. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் நிமிடக் கணக்காகவே தரலாம். எச்டிபார்மின் பெரிய ‘எஸ்’ தேர்வில் கணக்கு சற்று வேறு: 1 முதல் 240 வரை ஒவ்வோர் எண்ணும் ஐந்து நொடி, எனவே 240 என்பது 20 நிமிடம், 241 என்றால் அரை மணி. நின்ற வன்தட்டு காரணமின்றி விழித்துக்கொண்டே இருந்தால், ஸ்மார்ட் நிலையை அவ்வப்போது கேட்கும் ஸ்மார்ட்டி நிரலைச் சந்தேகியுங்கள். ஓய்வில் உள்ள வன்தட்டை எழுப்பாமல் விட்டுவிட அதன் கட்டமைப்பிலேயே ஒரு தேர்வு இருக்கிறது.

புதிய வன்தட்டு வாங்குவோருக்கு

தனிக் கணினியில் எஸ்.எஸ்.டி.-யோடு சேர்ந்து சேமிப்புக்கு மட்டும் பயன்படப்போகிறது என்றால், 5400 சுற்று வன்தட்டே போதும். சராசரிச் சுழற்சித் தாமதம் 4.17-க்குப் பதில் 5.56 மில்லிநொடி என்பது பெரிய கோப்புகளில் தெரியவே தெரியாது. சர்வர்களுக்கென்று செய்யப்படும் பெரிய ஹீலியம் வன்தட்டுகள், டெராபைட் கணக்கில் விலை குறைவாகத் தெரிந்தாலும், படுக்கையறைக் கணினிக்கு ஏற்றவை அல்ல என்பேன். எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் 2013-இல் ஏழு தட்டுகளோடு 6 டிபி ஹீலியம் வன்தட்டைக் கொண்டுவந்தபோது, காற்றைப் போல ஏழில் ஒரு பங்கே அடர்த்தியுள்ள அந்த வாயு உள்ளே சுழல் காற்றைக் குறைத்தது உண்மை. ஆனால் முனைக்கைகள் கூடக் கூட நகர்த்தவேண்டிய எடையும் கூடுகிறது; இவ்வகை வன்தட்டுகளில் அமைதியைவிட வேகத்துக்கே முதலிடம் தரப்படுவதால் தாவல் ஒலி கனமாகக் கேட்கும்.

தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்வதுபோல் அடுக்கி எழுதும் எஸ்.எம்.ஆர். வகையையும் கவனித்து வாங்குங்கள். நகலெடுத்து முடித்த பிறகும், இடைநிலைப் பகுதியில் எழுதியதை உரிய இடத்துக்கு மாற்றும் வேலையை அவை நெடுநேரம் தாமாகவே தொடர்கின்றன. கணினி சும்மா இருக்கும்போது எழும் அந்தக் கரகரப்பை நிறுத்தப் பயனர் கையில் அமைப்பு எதுவும் இல்லை. விவரத்தாளில் சி.எம்.ஆர். (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகை) என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட மாதிரியைத் தேர்ந்தெடுத்து, ஓய்வுநிலை ஒலித்திறன், தேடல்நிலை ஒலித்திறன் ஆகிய இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓய்வுநிலை எண்ணை மட்டும் விளம்பரத்தில் காட்டுவது வழக்கம். இரவில் உறக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது எண்.